மாலைக்கண் நோய்: காரணமும் மருத்துவமும்

பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரையின் முதல் மரத்தில் உளியை வைப்பவர் நம் பால்மரத் தொழிலாளர். வெயில் ஏறாத அந்த நேரத்தில்தான் மரப்பட்டையின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால்தான் பால் நன்கு ஒழுகும். ஆகவே இருட்டில் வேலை தொடங்குவது இத்தொழிலின் இயல்பாகவே அமைந்துவிட்டது.

பகலில் மட்டும் வேலை செய்யும் ஒருவருக்கு மாலைக்கண் ஒரு தொல்லை. பால்வெட்டும் ஒருவருக்கோ அது பிழைப்பையே பறிக்கக்கூடிய குறை. பட்டையின் ஆழம் தெரியாமல் உளி உள்ளே பாய்ந்து மரம் காயப்படும், அந்த இடத்தில் புதுப்பட்டை கரடுமுரடாக வளரும், தண்டல் கடிந்துகொள்வார். கால்வாயில் கால் இடறும். பாதையில் படுத்திருக்கும் பாம்பு கண்ணில் படாது. இவ்வளவு இருந்தும் தமக்கு இக்குறை இருப்பதை வெளியில் சொல்லுவோர் மிகச் சிலரே. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சின்னத்தம்பி' திரைப்படத்தில் மாலைக்கண்ணை மறைத்துக் கவுண்டமணி படும் பாட்டைக் கண்டு நாமும் வயிறு குலுங்கச் சிரித்தவர்களே. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே பலர் மருந்தகத்தின் வாசலை மிதிப்பதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் தகவல் பணியை முன்னிட்டு ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். மாலை ஏழு மணி இருக்கும். லயத்தின் முன்னே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் படிக்கட்டை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். பந்து உருண்டு அவன் காலடிக்கே வந்தது. அவன் குனிந்து தரையைத் தடவினான். கை பந்துக்கு ஒரு சாண் தள்ளியே துழாவிக்கொண்டிருந்தது. விளையாட்டுக் காட்டுகிறான் என்றே நாமும் முதலில் எண்ணினோம். "பொழுது சாய்ந்தால் இவன் இப்படித்தான் ஐயா. கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டான். பெரிய சோம்பேறி" என்றார் அவனுடைய தாயார். மேலும் கேட்டபோது, அவனுக்குத் தட்டம்மை கண்டு இரண்டு மாதங்கள் ஆகின்றன என்பதும், அதன்பின் வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வருகிறது என்பதும், கஞ்சியும் டின்பால் கலந்த தேநீருமே அவன் உணவு என்பதும் தெரியவந்தன. சோம்பேறி என்று பெயரெடுத்த அந்தப் பிள்ளைக்கு இருட்டத் தொடங்கியதும் கண் தெரியவில்லை. அதைச் சொல்லவும் தெரியவில்லை.

மலாய்க்காரர் இந்நோயை 'ராபுன் ஆயாம்' என்பர். கோழி மங்கல் என்பது அதன் பொருள். மாலையானதும் கோழி வழி தெரியாமல் கூண்டை நாடிச் செல்வதைக் கண்டு வைத்த பெயர். சீனரும் கோழியோடு சேர்த்தே இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். நம் முன்னோர் நேரத்தைக் கொண்டு மாலைக்கண் என்றனர்.

கண்ணுக்குள் நிகழ்வது யாது? கண்ணின் பின்புறச் சுவரில் விழித்திரை எனும் மெல்லிய படலம் உள்ளது. அதில் இருவகை உயிரணுக்கள் இருக்கின்றன. ஒன்று கூம்பு வடிவினது. மற்றொன்று கோல் வடிவினது. கூம்புகள் ஏறக்குறைய 60 இலட்சம். நல்ல வெளிச்சத்தில் நிறங்களையும் நுணுக்கங்களையும் காண்பவை அவையே. கோல்களோ ஏறக்குறைய 12 கோடி. மங்கிய ஒளியில் வேலை செய்பவை இவை. ஒவ்வொரு கோலினுள்ளும் ரோடாப்சின் என்ற ஊதாச் சிவப்பு நிறப்பொருள் இருக்கிறது. ஒரு புரதமும், வைட்டமின் 'ஏ' என்னும் உயிர்ச்சத்திலிருந்து கிடைக்கும் ஒரு பொருளும் சேர்ந்து உண்டானது அது. ஒளி பட்டவுடன் இந்நிறப்பொருள் சிதைகிறது. அந்தச் சிதைவே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகச் செல்கிறது. சிதைந்தது மீண்டும் ஒன்றுசேர வேண்டும். ஒன்றுசேரும்போது உயிர்ச்சத்தில் ஒரு சிறு பகுதி வீணாகிவிடுவதால் இரத்தத்திலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். வரத்து நின்றால் கோல்கள் வெறுங்கோல்களே. இந்த உண்மையை 1933 ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து விளக்கிய ஜார்ஜ் வால்டு என்ற அமெரிக்க அறிஞருக்கு 1967 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் சென்றவுடன் எவருக்கும் கண் தெரியாது. சிதைந்த நிறப்பொருள் மீண்டும் நிறைவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். விடியற்காலையில் கைப்பேசித் திரையை உற்றுப் பார்த்துவிட்டு நேரே காட்டுக்குள் நுழைந்தால் தடுமாற்றம் ஏற்படுவது இயற்கையே. பக்கத்து நிரைக்காரரின் நெற்றி விளக்கு முகத்தில் அடித்தாலும் அவ்வாறே. அது நோயன்று. அரை மணி நேரம் கழிந்தும் தெளியவில்லை, மற்றவர்களுக்குத் தெரிவது தமக்குத் தெரியவில்லை என்றால்தான் ஐயுற வேண்டும்.

இனி, உயிர்ச்சத்து 'ஏ' ஏன் குறைகிறது என்பதைக் காண்போம். வறுமை ஒன்றே காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க் நாட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். வெண்ணெய் உற்பத்திக்குப் புகழ்பெற்ற நாடு அது. வெண்ணெய் நல்ல விலைக்கு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. ஏழைக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலும் தாவர எண்ணெயில் செய்த மார்ஜரினுமே கிடைத்தன. அக்குழந்தைகளில் பலருக்குக் கண் வறண்டு, கருவிழி புண்ணாகிப் பார்வை போயிற்று. கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் இதனை எடுத்துரைத்தார். 1917 இறுதியில் போரின் நெருக்கடியால் வெண்ணெய் நாட்டிலேயே தங்கி, பங்கீட்டு முறையில் எல்லாருக்கும் கிடைக்கத் தொடங்கியதும் நோய் அருகிவிட்டது. போரின் கடுமை குழந்தைகளின் கண்ணைக் காத்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

நம் நாட்டிலும் இத்தகைய முரண்பாடு ஒன்று உண்டு. செம்பனைப் பழத்திலிருந்து பிழிந்த எண்ணெய் செக்கச் செவேலென்று இருக்கும். உடல் உயிர்ச்சத்து 'ஏ' ஆக மாற்றிக்கொள்ளும் கரோட்டின் என்ற நிறப்பொருளே அந்தச் சிவப்புக்குக் காரணம். ஆலையில் சுத்திகரித்து வெளுக்கும்போது அது ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடுகிறது. கடையில் நாம் வாங்கும் வெளிர்மஞ்சள் சமையல் எண்ணெயில் அச்சத்தை எதிர்பார்க்க முடியாது. கரோட்டினை நீக்காத சிவப்புச் செம்பனை எண்ணெய் தனியே விற்கப்படுகிறது; விலை சற்றுக் கூடுதல்.

டின்பாலின் கதையும் தோட்ட மக்கள் அறிந்திருக்க வேண்டியதே. கொழுப்பு நீக்கிச் சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய பாலை ஊட்டி வளர்த்த கைக்குழந்தைகள் நோயுற்று மடிவதை அன்றைய மலாயாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் கண்கூடாகக் கண்டார். 1939 ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே அவர் உரையாற்றினார். உயிர்ச்சத்து 'ஏ' கொழுப்பில் கரைவது. பாலிலிருந்து கொழுப்பை எடுத்தால் அதுவும் உடன் போய்விடும். இன்று கடைகளில் அதே வடிவ டின்னில் கிடைப்பவற்றுள் பல, பாலே அல்லாமல் செம்பனை எண்ணெயும் சீனியும் கலந்த 'கிரீமர்' வகையைச் சேர்ந்தவை. தேநீருக்கு அது போதும். குழந்தைக்கு அது பாலாகாது. தாய்ப்பாலே முதல் ஆறு மாதங்களுக்கு முழு உணவு.

நோய்களும் இச்சத்தைச் சூறையாடுகின்றன. அவற்றுள் தட்டம்மை கொடியது. அம்மை கண்ட உடல் ஈரலில் சேர்த்துவைத்த உயிர்ச்சத்தை விரைந்து செலவழித்துவிடும். அம்மைக் கிருமியே கருவிழியையும் தாக்கும். இவ்விரண்டும் சேரும்போது சில நாள்களுக்குள் கருவிழி கரைந்து பார்வை அடியோடு போவதுண்டு. அம்மை கண்ட பிள்ளைக்கு முட்டை, மீன், எண்ணெய் யாவற்றையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வேப்பிலை வைப்பதற்கு நாம் மறுப்புச் சொல்லவில்லை. உணவை நிறுத்துவதுதான் தீங்கு. கண்ணில் இலைச்சாறு பிழிவதோ அதைவிடத் தீங்கு. அம்மைக்கு எதிரான தடுப்பூசி நம் நாட்டில் ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அரசு மருந்தகங்களில் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ஓயாத வயிற்றுப்போக்கும் வயிற்றில் நாக்குப்பூச்சியும் உள்ள பிள்ளைக்கும் உண்ட சத்து உடலில் ஒட்டாது.

வளர்ந்தவர்களில் ஈரல் கெட்டவர்களுக்கு இக்குறை வரும். உயிர்ச்சத்து 'ஏ'யின் பெரும்பகுதி சேமித்து வைக்கப்படுவது ஈரலில்தான். நீண்ட நாள் சம்சு குடித்து ஈரல் சுருங்கியவருக்குச் சேமிப்பறையே இடிந்துவிட்டது என்று கொள்ளலாம். கருவுற்ற தாய்மார்களில் சிலருக்குக் கடைசி மாதங்களில் மாலைக்கண் தோன்றும். பிள்ளை பிறந்ததும் மறைந்துவிடும் என்று பாட்டிமார் சொல்லுவர். மறைவது உண்மையாயினும், தாயின் உடலில் சத்துக் குறைந்திருப்பதற்கு அது அடையாளம். கருவுற்றோர் மருந்தகச் சோதனையின்போது தாதியிடம் அதைச் சொல்லத் தவறக்கூடாது.

மாலைக்கண் முதல் எச்சரிக்கை மட்டுமே. கவனியாது விட்டால் வெள்ளைவிழி பளபளப்பை இழந்து வறண்டுபோகும். கருவிழியின் ஓரத்தில், பெரும்பாலும் காதுப்பக்கமாக, சோப்பு நுரை ஒட்டியது போன்ற சாம்பல் வெள்ளைத் திட்டு தோன்றும். 1863 இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பிட்டோவின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அடுத்து கருவிழியே மங்கி, புண்ணாகி, மெழுகுபோல் உருகிவிடும். அந்நிலைக்குப் பின் எந்த மருந்தாலும் போன பார்வை முழுமையாகத் திரும்பாது.

கண்ணோடு இது நிற்பதில்லை. இந்தோனேசியாவில் ஆய்வு நடத்திய ஆல்ஃபிரட் சோமர் என்ற கண் மருத்துவர், மாலைக்கண் போன்ற இலேசான அறிகுறி மட்டும் உள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக நான்கு மடங்கு மிகுதியாக இறப்பதை 1983 இல் வெளியிட்டார். வயிற்றுப்போக்கும் மூச்சுக்குழல் நோயும் அவர்களை எளிதில் வீழ்த்தின. பின்னர் சுமத்ராவின் ஆச்சே பகுதியில் ஏறத்தாழ 450 கிராமங்களில் உயிர்ச்சத்து 'ஏ' மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததில், அது பெற்ற கிராமங்களில் குழந்தை மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது 1986 இல் வெளியாயிற்று. பிற்காலத்தில் வேறு நாடுகளில் நடந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரும் பயனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. எனினும் சத்துக் குறைந்த பிள்ளை எளிதில் நோய்க்கு இரையாகும் என்பதில் மருத்துவர்களிடையே ஐயமில்லை.

அந்த ஆய்வில் நமக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் பார்வையை எந்தக் கருவியால் சோதிப்பது? சோமரின் குழுவினர் தாய்மாரிடம், "உங்கள் பிள்ளைக்குக் கோழிக் குருடு உண்டா?" என்று அவர்கள் மொழியிலேயே கேட்டனர். ஆம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது உயிர்ச்சத்து உண்மையிலேயே குறைந்திருந்தது. தாயின் சொல் அவ்வளவு நம்பத் தக்கதாக இருந்தது. ஆகவே தாய்மார்களே, அந்தி வேளையில் உங்கள் பிள்ளை படியில் இடறுகிறதா, தட்டில் உள்ள சோற்றைத் தடவி உண்கிறதா, பகலில் ஓடியாடும் அதே பிள்ளை விளக்கேற்றும் நேரத்தில் ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகிறதா என்று பாருங்கள். ஆயாக் கொட்டகையில் பார்க்க முடியாது; அது பகலில் நடப்பது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவம் எளிது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 200,000 அலகு கொண்ட உயிர்ச்சத்து 'ஏ' நோய் கண்ட அன்றே ஒருமுறையும், மறுநாள் ஒருமுறையும், இரண்டு வாரம் கழித்து மூன்றாம் முறையும் வாய்வழியே கொடுக்கப்படும். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை பாதி அளவு. மாலைக்கண் ஓரிரு நாளிலேயே தெளியத் தொடங்கும். நாம் கண்ட அந்தச் சிறுவனையும் தோட்டத்து மருந்தக உதவியாளர் மறுநாள் காலையிலேயே அரசு மருந்தகத்திற்கு அனுப்பிவைத்தார். அந்த வாரம் முடிவதற்குள் அவன் இருட்டும் வரை பந்தாடுவதாகவும், இப்போது அவனை உள்ளே அழைப்பதுதான் பெரும்பாடு என்றும் அவனுடைய தாயார் சொல்லி அனுப்பினார்.

எளிது என்பதற்காகத் தாமே மருந்து வாங்கி உண்ணக்கூடாது. தேவைக்கு மிஞ்சிய உயிர்ச்சத்து 'ஏ' சிறுநீரில் வெளியேறாது. ஈரலிலேயே தங்கித் தலைவலி, வாந்தி, ஈரல் கேடு ஆகியவற்றை உண்டாக்கும். கருவுற்ற பெண்ணுக்குப் பெரிய அளவு கொடுத்தால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஊனம் ஏற்படலாம். அவர்களுக்கு நாள்தோறும் சிறு அளவே கொடுக்கப்படும். அதை மருத்துவரே முடிவு செய்வார்.

உணவைப் பொறுத்தவரை ஈரலுக்கு நிகரில்லை. வேகவைத்த கோழி ஈரல் 100 கிராமில் ஏறத்தாழ 4,000 மைக்ரோகிராம் உயிர்ச்சத்து உண்டு. வளர்ந்த ஆடவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 900, பெண்டிருக்கு 700, இரண்டு வயதுப் பிள்ளைக்கு 300. ஆக, பிள்ளைக்கு வாரம் ஒருமுறை சிறு துண்டு போதும். ஒரு முட்டையில் 80 அளவில் இருக்கும். இலையிலும் காயிலும் கரோட்டினாக இருப்பதை உடல் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் 100 கிராம் முருங்கைக்கீரையில் ஏறத்தாழ 380, பூசணியில் 425, கேரட்டில் 830. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் உட்சதை ஆரஞ்சு நிறமாயிருப்பதே சிறந்தது. வெள்ளைச் சதையில் இச்சத்து மிகக் குறைவு. லயத்துப் பின்புறம் வேலியோரமாகத் தானே வளரும் முருங்கையை ஆண்டுக்கு ஒருமுறை சாம்பாருக்குக் காய் பறிக்க மட்டும் வைத்திருப்போர் உண்டு. இலையல்லவா மருந்து! கங்கோங், கீரைத்தண்டு, மரவள்ளித் தளிர் இவையும் நல்லவையே. மரவள்ளித் தளிரை மட்டும் நன்கு வேகவைத்து நீரைக் கொட்டிவிட வேண்டும். எந்தக் கீரையாயினும் ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்து உண்டால்தான் கரோட்டின் உடலில் சேரும்.

எல்லா மாலைக்கண்ணும் கீரையால் தீர்ந்துவிடுமா? இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் சிலருக்கு வீண் நம்பிக்கை ஊட்டியவர்களாவோம். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணியாதவர்க்கும், கண்புரை உள்ளவர்க்கும் இருளில் பார்வை மங்கும். முன்னதற்குக் கண்ணாடியும் பின்னதற்கு அறுவை மருத்துவமும் போதும். நீரிழிவு விழித்திரையைக் கெடுத்தாலும் இவ்வாறாகும். நம்மிடையே நீரிழிவு மிகுதியாதலால், நாற்பதைக் கடந்தவர் மாலைக்கண் என்றதும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பரம்பரையாக வருவது ஒன்று இருக்கிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது அதன் பெயர். ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வரும். விழித்திரையின் கோல்கள் இளமையிலேயே ஒவ்வொன்றாக மடியத் தொடங்குகின்றன. முதலில் இருளில் தெரியாது. பின்னர் பக்கவாட்டுப் பார்வை குறுகி, குழாய் வழியே பார்ப்பதுபோல் நேரே உள்ளது மட்டும் தெரியும். வாளியைக் காலால் இடறுவதும் கதவு நிலையில் தோள் மோதுவதும் இதன் அடையாளங்கள். இந்நோயின் பல வகைகளில் தாய், தந்தை இருவரும் கெட்ட மரபுக்கூற்றைச் சுமந்திருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும்; அவ்வாறு சுமப்போர் நோயின்றியே இருப்பர். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும்போது இருவரிடமும் ஒரே குறை இருக்க வாய்ப்பு மிகுதி. உறவுமுறைத் திருமணத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. குடும்பத்தில் இந்நோய் உள்ளவர் இருந்தால், திருமணம் பேசும் முன் மருத்துவமனையில் ஆலோசனை கேட்பது பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் நன்மை. இந்நோயை முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஒரு குறிப்பிட்ட மரபுக்கூறு பழுதானோர்க்கு மட்டும் கண்ணினுள் செலுத்தும் மரபணு மருத்துவம் 2017 இல் அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் விலை நம்மவர்க்கு எட்டாதது. 'முழுவதும் குணமாக்குவோம்' என்று விளம்பரம் செய்வோரிடம் சேமிப்பைக் கொட்டாதீர்கள்.

இந்நோய் உறுதியானவர் அதை நிர்வாகத்திடம் மறைப்பதால் பயனில்லை. மருத்துவரின் கடிதத்தோடு சென்று, வெளிச்சம் வந்தபின் தொடங்கும் வேலையைக் கேட்கலாம். பார்வைக் குறைவு வரம்பை எட்டியிருந்தால் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து அட்டை பெறலாம். இனி வேலையே இயலாது என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால், சந்தா நிபந்தனைகள் நிறைவுற்றவர்க்குப் பெர்கெசோவின் இயலாமை ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது; விண்ணப்பத்தாளை நிரப்பத் தொழிற்சங்கக் கிளையினர் உதவுவர். இருட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை மட்டும் நோய் தெரிந்த அன்றே நிறுத்திவிட வேண்டும்.